கேட் புஷ் 'தி ட்ரீமிங்' (1982): கிறுக்கா, கணக்கா?

#1 நாடாச்சுருள்

பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் நான்காவது ஆல்பம் 'தி ட்ரீமிங்' பற்றி இங்கே அங்கங்கே ஒற்றை வரிகளாகத்தான் பேச்சு வந்திருக்கிறது. ஒருவர் "அவருடைய உச்சம்" என்கிறார், அடுத்தவர் "தலைவலி" என்கிறார். இருவரும் காரணம் சொல்வதில்லை. அதனால்தான் தனி இழை.

பின்னணி இது. 1980-ல் வந்த 'நெவர் ஃபார் எவர்' பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதை ஜான் கெல்லியுடன் சேர்ந்து தயாரித்தார். 'தி ட்ரீமிங்' அவர் தனியாளாகத் தயாரித்த முதல் ஆல்பம். 1982 செப்டம்பர் 13 அன்று இ.எம்.ஐ. வெளியிட்டது. 3-ஆம் இடம் வரை போனது, பிறகு சீக்கிரமே இறங்கியது. அமெரிக்காவில் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 157-ஆம் இடம். எண்ணைப் பார்த்தால் தோல்வி போலத் தெரியும், ஆனால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் முதன்முதலாக ஏறியதே இந்த ஆல்பத்தால்தான்.

அன்றைய விமர்சகர்களும் ஒரே குரலில் பேசவில்லை. மெலடி மேக்கர் இசை இதழ், முதலில் திகைக்க வைக்கிறது, அபத்தம் என்றுகூடத் தோன்றும், விடாமல் பிடித்துக்கொண்டால் பலன் உண்டு என்ற பொருளில் எழுதியது. நிறுவனம் இதைத் திருப்பி அனுப்பிவிடும் நிலைக்கு வந்தது என்று புஷ்ஷே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தனக்குப் பைத்தியம் பிடித்திருந்தபோது செய்த ஆல்பம் என்றும் அவர் இதைக் குறிப்பிட்டதுண்டு.

'பைத்தியம்' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். 10 பாடல், 43 நிமிடத்துக்குச் சற்று மேல். அத்தனையிலும் தற்செயலாக விழுந்த ஒலி ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. உங்களுக்குப் பிடிக்காத இடம் எது, ஏன் பிடிக்கவில்லை என்று ஒலியைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

---

#2 நள்ளிரவு வானொலி

குழப்பத்தில் பாதியை உண்டாக்கியது சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டு) தேர்வுதான்.

'சாட் இன் யுவர் லாப்' 1981 ஜூனிலேயே வந்துவிட்டது. 11-ஆம் இடம், நல்ல தொடக்கம். அதன்பின் ஓராண்டுக்கு மேல் புதுப்பாட்டே இல்லை. 1982 ஜூலையில் 'தி ட்ரீமிங்' பாடலே சிங்கிளாக வந்து 48-இல் நின்றது. டிஜெரிடூ (ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழல்) முழக்கம், ஆஸ்திரேலிய உச்சரிப்பு, மிருகச் சத்தம். பகல்நேர வானொலியில் இதை எந்தப் பாட்டுக்கு அடுத்து வைப்பது? நவம்பரில் வந்த 'தேர் கோஸ் எ டென்னர்' அதற்கும் கீழே போய்விட்டது. முதல் 75-க்குள்ளேயே வரவில்லை.

அதே சமயத்தில் ஐரோப்பிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் 'சஸ்பெண்டட் இன் காஃபா' சிங்கிளாக வந்தது. அயர்லாந்துக்கு 1983-ல் 'நைட் ஆஃப் தி ஸ்வாலோ'. முதல் கேட்பிலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு 'காஃபா'வுடையது. ஆறு எண்ணிக்கையில் ஊஞ்சல் மாதிரி ஆடும் தாளம், மேண்டலின், பியானோ. அதைப் பிரிட்டனில் வெளியிடாமல், வங்கிக் கொள்ளைக்காரன் பதறிப் பதறிப் பேசும் 'டென்னர்'ஐ அனுப்பினார்கள். சொந்த ஊர்க் கேட்பாளர்களின் காதில் முதலில் விழுந்தது இந்த ஆல்பத்தின் மிக விலகிய இரண்டு முகங்கள். ஆல்பத்தைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

---

#3 எட்டுபிட்

நாடாச்சுருள் அண்ணா சொன்ன 'தற்செயல் இல்லை' என்பதற்குக் கருவி வழியாக ஒரு சான்று.

ஃபேர்லைட் சி.எம்.ஐ. சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் உருவாக்கிய, பதிந்த ஓசையை விசைப்பலகையில் வாசிக்கவைக்கும் கணினி இசைக்கருவி, 1979-ல் விற்பனைக்கு வந்தது. புஷ்ஷுக்கு இதை அறிமுகம் செய்தவர் பாடகர் பீட்டர் கேப்ரியல். 'நெவர் ஃபார் எவர்' ஆல்பத்தில் கண்ணாடி உடையும் ஓசை, துப்பாக்கியைத் தயார்செய்யும் ஓசை என்று அங்கங்கே தூவியிருந்தார். 'தி ட்ரீமிங்'கில் பாட்டின் எலும்புக்கூடே அதுதான்.

இதன் எல்லைகள் தெரிந்தால் ஆல்பத்தின் ஒலி புரியும். எட்டு பிட் பதிவு. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்தான். ஒவ்வொரு குரலுக்கும் 16 கிலோபைட் நினைவகம். நொடிக்கு 24,000 மாதிரி (சாம்பிள்) வீதம் பதிந்தால் 16,384 மாதிரிகள் முக்கால் நொடிக்கும் குறைவாகவே தாங்கும். ஆகவே நீண்ட ஓசை எதையும் உள்ளே வைக்க முடியாது. அடி, தட்டு, மூச்சு, ஒரு எழுத்தின் தொடக்கம், அவ்வளவுதான். இந்த ஆல்பத்தில் எல்லாமே 'வெட்டி வெட்டி' வருவது போலிருக்கிறது என்று குறை சொல்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

இன்னொன்று. இன்றைய மென்பொருள்கள் சுருதியை மாற்றும்போது இடைப்புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பும். ஃபேர்லைட்டில் ஒவ்வொரு குரல் அட்டைக்கும் தனிக் கடிகாரம். மேல்சுருதி வேண்டுமா, கடிகாரம் வேகமாக ஓடும். கீழ்ச்சுருதி வேண்டுமா, மெதுவாக ஓடும். அதனால் கீழ்ச்சுருதியில் ஒரு மணல்தன்மை வரும், ஓசையும் நீளும். மேலே போனால் குறுகிச் சிணுங்கும்.

வீட்டுக் கணினியில் இதைப் போலச் செய்ய நினைப்பவர்களுக்கு: அரை நொடிக்குக் கொஞ்சம் மேல் ஓர் ஓசையைப் பதியுங்கள். கதவு, தகரம், தும்மல், எதுவானாலும் சரி. 24 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து எட்டு பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது டித்தர் என்ற வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மணல் கரைந்து வெறும் இரைச்சலாகிவிடும். பதியும்போது அளவு நன்றாக மேலே இருக்கட்டும். எட்டு பிட்டில் மெல்லிய பதிவு நொறுங்கிப்போகும். பிறகு விசைப்பலகை முழுக்க ஒரே மாதிரியைப் பரப்புங்கள். நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் டைம் ஸ்ட்ரெட்ச் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் இந்த ஒரு படியில்தான் தவறு நடக்கிறது. கடைசியாக 8 கிலோஹெர்ட்ஸ் அருகே மேல்பகுதியை மெதுவாகச் சாயுங்கள்.

---

#4 தவில்காது

எட்டுபிட் மாதிரியோசைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஆனால் இந்த ஆல்பத்தில் நெஞ்சில் இடிப்பது நிஜமான டிரம்ஸ் தோல்தான். பிரெஸ்டன் ஹேமன், ஸ்டூவர்ட் எலியட் இருவரின் கை.

'சாட் இன் யுவர் லாப்' லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் தொடங்கியது, இஞ்சினியர் ஹ்யூ பாட்காமுடன். கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக இவரும் ஸ்டீவ் லில்லிவைட்டும் வேலை செய்த அதே கல் அறை. பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்த 'இன்ட்ரூடர்' பாடலில் பிறந்த கேட்டட் ரிவெர்ப் (எதிரொலியைப் பெருக்கிச் சட்டென்று வெட்டும் முறை) அங்கிருந்து வந்தது. அந்த ஆல்பத்தில் புஷ் பின்னணிக் குரல் கொடுத்தவர், அதனால் இந்த ஒலி அவருக்குப் புதிதல்ல.

செய்முறை சுருக்கமாக: அறையின் உயரத்தில் ஒரு மைக், டிரம்ஸிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி. அந்த மைக்கைக் கம்ப்ரெஸரில் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி) நசுக்க வேண்டும். 20-க்கு 1 என்ற விகிதமே வைக்கலாம். அப்போது அடியை விட அறையின் எதிரொலி பெருத்துத் தெரியும். அதன்பின் நாய்ஸ் கேட், அதாவது ஒலிக்கு ஒரு வாசல். அதைத் திறக்கும் சாவி ஸ்னேர் டிரம்மின் அருகிலுள்ள மைக்கிலிருந்து வர வேண்டும், அறை மைக்கிலிருந்து அல்ல. 150 முதல் 250 மில்லிநொடி திறந்திருந்து சட்டென்று மூட வேண்டும். பாட்டின் வேகத்தைப் பார்த்துத்தான் இதை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அரை அடி 250 மில்லிநொடி. உங்கள் வாசல் அதைவிட அதிக நேரம் திறந்திருந்தால் அடுத்த அடி முந்தையதன் வாலில் மோதிக் குழைந்துவிடும். சிம்பல் நிறைய அடித்தாலும் இந்த முறை கெட்டுப்போகும். வாசல் திறக்கும்போதெல்லாம் சிம்பலின் வால் உள்ளே வந்து இருமல் போலக் கேட்கும்.

அடுத்து வந்த இஞ்சினியர் நிக் லானே. பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து பீரங்கி வெடிப்பது போல டிரம்ஸ் வேண்டும் என்று நெளிதகரத் தகடுகளைச் சுற்றி நிறுத்திச் சுரங்கம் மாதிரி அமைத்துப் பதிந்திருக்கிறார்கள். தகரம் நடுத்தர அலைவரிசையில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிரும். அதனால் டிரம்ஸுக்கே ஒரு ஸ்வரம் ஒட்டிக்கொள்கிறது. 'சாட் இன் யுவர் லாப்'பில் விளாசும் பிரம்பின் ஓசையும் கருவிதான், ஒட்டவைத்த விளைவொலி அல்ல.

---

#5 கரும்பலகை

மாற்றுக்கருத்து. வேலைப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் வேலைப்பாடு தெரிவதே பாட்டுக்குப் பகை என்று நினைக்கிறேன்.

முதலாவது, குரல். 'லீவ் இட் ஓப்பன்' கேளுங்கள். ஒரு வரிக்கு ஒரு குரல். ஒன்று சுருதி ஏற்றிய குரல், ஒன்று ஃப்ளேஞ்சரில் சுழலும் குரல், ஒன்று தொலைபேசிக்குள்ளிருந்து வருவது போல. கடைசி வரியில் என்ன பாடுகிறார் என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். 'விசித்திரத்தை உள்ளே விடுகிறோம்' என்பது விடை. சொல்ல வந்ததைக் கேட்பவரிடமிருந்து மறைத்துவிட்டால் அது எப்படிச் சென்று சேரும்?

இரண்டாவது, நெரிசல். 'புல் அவுட் தி பின்' பாட்டில் டேனி தாம்சனின் டபுள் பாஸ், ஹெலிகாப்டர், தாள வாத்தியங்கள், புஷ்ஷின் அலறல், பின்னணியில் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் குரல். கில்மர் பாடுகிறார் என்று அட்டையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, 'தேர் கோஸ் எ டென்னர்'. கிழக்கு லண்டன் பேச்சு உச்சரிப்பை மேலே பூசியிருக்கிறார், அவ்வளவுதான். நாடகமாகவும் நிற்கவில்லை, மெட்டாகவும் நிற்கவில்லை.

1985-ல் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' இதே கருவிகளோடு வந்து முதலிடம் பிடித்தது. அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. 'தி ட்ரீமிங்' அதற்கான பயிற்சி ஏடு என்பது என் கணிப்பு.

---

#6 நாடாச்சுருள்

கரும்பலகை, இப்படிக் குறிப்பாகச் சொன்னதற்கு நன்றி. நெரிசல் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

ஆல்பத்தின் உள்ளுறையில் ஒரு வாசகம் உண்டு: இந்த ஆல்பம் உரக்க ஒலிக்கச் செய்யப்பட்டது. பலர் இதை வீம்பு என்று கடந்துவிடுகிறார்கள். அது கேட்கும் முறைக்கான குறிப்பு. ஒலி குறையக் குறைய நம் காது கீழ்சுருதியை முதலில் இழக்கும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டும் எஞ்சி நிற்கும். மனிதக் குரலின் கூர்மை இருக்கும் இடம் அது. மெல்லிய ஒலியில் 'தி ட்ரீமிங்' கேட்டால் டபுள் பாஸும் பெரிய டிரம்ஸும் காணாமல் போய், ஏழெட்டுக் குரல்கள் ஒன்றையொன்று கத்துவது மட்டும் மிஞ்சும். தலைவலி என்பவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கேட்டவர்கள் என்பது என் எண்ணம். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலியை வைத்து, உட்காரும் இடத்தில் 80 முதல் 85 டெசிபெல் வரை கொண்டுவாருங்கள். 43 நிமிடத்துக்கு அது காதுக்குக் கேடில்லை. காதொலிப்பான் என்றால் அதைவிடக் குறைவாகவே போதும்.

வினைல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் பக்கம் சுமார் 19 அரை நிமிடம். இரண்டாம் பக்கம் 23 முக்கால். நான்கு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். நீளமான பக்கத்தில் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, ஆல்பத்திலேயே மிக மூர்க்கமான 'கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்' இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள் முனையில் 21தான். அதே அலறல் பாதிக்கும் குறைந்த நீளத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூம்பு முனை ஊசியானால் அங்கே 'ஸ' ஓசைகள் கிழியும். நீள்வட்ட முனை, அல்லது அதைவிட நுண்ணிய வெட்டு இருந்தால் தப்பிக்கலாம். கேட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணத்தைச் சரிபார்க்காமல் "பதிவே கரகரப்பு" என்று எழுதுபவர்களை நிறையப் பார்க்கலாம். கரகரப்பு தட்டில் இல்லை, ஊசியில் இருக்கிறது.

2018-ல் வந்த மறுமெருகேற்றத்தைப் பழைய சி.டி.யோடு ஒப்பிடுபவர்கள் இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். எது கொஞ்சம் உரக்க இருக்கிறதோ அதுதான் தெளிவானது என்று காது ஏமாந்துவிடும்.

---

#7 செம்மண்

தலைப்புப் பாடலைப் பற்றி இதுவரை யாரும் நேராகப் பேசவில்லை. அதையும் பேச வேண்டும்.

பாடலின் பொருள் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நிலம். கனிமத்துக்காக, அணு ஆயுதத்துக்காக மண்ணைத் தோண்டுவது. சாலையில் வண்டி மோதிச் சாகும் கங்காரு. குடியில் அழிக்கப்படும் மனிதர்கள். 1982-ல் பிரிட்டிஷ் சிங்கிள் பட்டியலுக்கு இப்படி ஒரு பாட்டை அனுப்பிய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அத்துமீறுபவனின் உச்சரிப்பில் பாடுவதும் யோசித்துச் செய்ததுதான். கொள்ளையிடுபவன் வாயாலேயே கொள்ளையைச் சொல்லவைக்கிறார்.

ஆனால் டிஜெரிடூ வாசித்தவர் ரோல்ஃப் ஹாரிஸ். வெள்ளை ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிப் பிரபலம். 2014-ல் பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர். மிருகக் குரல்கள் பெர்சி எட்வர்ட்ஸ், பிரிட்டிஷ் பல்குரல் கலைஞர். நிலத்தை இழந்தவர்களைப் பற்றிய பாட்டில் அந்த மண்ணின் வாத்தியம் இருக்கிறது, அந்த மண்ணின் மக்கள் யாரும் இல்லை. முதலில் அச்சிட்ட சில விளம்பரப் பிரதிகளில் பழங்குடியினரை இழிவுபடுத்தும் சுருக்கச்சொல் தலைப்பிலேயே இருந்தது. பின்னர் திரும்பப் பெற்றார்கள். அனுதாபத்தோடு எழுதியும் அந்தச் சொல்லின் விஷம் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆகவே என் வாதம், பாட்டு பேசும் அரசியல் சரி, பாட்டைச் செய்த முறை சரியில்லை என்பதுதான். இன்றைய விமர்சகர் எழுதினால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அன்று வந்த விமர்சனங்களில் ஒலி விசித்திரம் பற்றித்தான் பேச்சு. யாருடைய நிலம் என்ற பேச்சு அவற்றில் மிகக் குறைவு.

---

#8 எட்டுபிட்

செம்மண் அக்கா சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அந்தப் பாட்டின் தாளத்தையெல்லாம் உருவாக்கிய ஃபேர்லைட்டே சிட்னி தயாரிப்பு.

பாட்டின் குரலில்லாத வடிவம் 'ட்ரீம்டைம்' என்ற பெயரில் சிங்கிளின் மறுபக்கத்தில் இருக்கிறது. தாள அடுக்கு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க அதைத்தான் கேட்க வேண்டும்.

---

#9 தவில்காது

நம் காதுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. 'கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ்' பாட்டின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். கழுதைக் கத்தல் ஓய்ந்தபின் ஒரு ஆண் குரல் வாயால் சொற்கட்டு சொல்கிறது. அட்டையில் எஸ்மயில் ஷேக் என்று பெயர் போட்டு 'டிரம் டாக்' என்று குறித்திருக்கிறார்கள். பலர் இதைப் 'புரியாத மந்திர உச்சாடனம்' என்று எழுதுகிறார்கள். மந்திரம் இல்லை, தாளம். கொன்னக்கோல் (தாளச் சொற்கட்டை வாயால் சொல்லும் கர்நாடகக் கலை) கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் கொன்னக்கோல் என்றே எழுதிவிடாதீர்கள். எழுத்துகள் உருளும் விதம் தபலாவின் 'போல்' (தபலாச் சொற்கட்டு) சொல்லும் முறைக்கு அருகில் இருக்கிறது, மிருதங்கச் சொல்லுக்கு அல்ல. நம் சொற்கட்டில் 'தகதிமி' ஒவ்வொரு எழுத்தும் நறுக்கென்று விழும். இங்கே எழுத்துகள் ஒன்றோடொன்று வழுக்கிச் செல்கின்றன.

அது ஏன் அங்கே? பாட்டில் ஒரு பெண் தன் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைக்கிறாள். வீடு என்பது அவள் உடலும் மனமும். உள்ளே நுழையப் பார்ப்பவன் உருமாறுகிறான், அவளும் உருமாறுகிறாள். முதலில் பறவை, கடைசியில் கோவேறு கழுதை. பேச்சால் தடுக்க முடியாதபோது பேச்சு விலங்குக் கத்தலாகிறது. கத்தலுக்கும் அப்பால் போனபிறகு மிஞ்சுவது பொருளில்லாத, கணக்கு மட்டும் உள்ள எழுத்துகள். மொழி கழன்றுபோய்த் தாளம் மட்டும் நிற்கும் அந்த இடத்தை வேறு எப்படி ஒலியாக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆல்பத்திலேயே எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

அந்தக் கழுதைக் குரல் மிக்ஸிங் செய்த இஞ்சினியர் பால் ஹார்டிமனுடையது. அதில் புஷ்ஷின் குரலும் எதிர்க் கத்தலாகச் சேர்கிறது.

---

#10 நள்ளிரவு வானொலி

கரும்பலகை குரலைப் பற்றிச் சொன்னதற்கு என் பதில் 'ஹூடினி'.

பூட்டிய சங்கிலிகளிலிருந்து தப்பிக்கும் மந்திரவாதி ஹாரி ஹூடினி 1926 அக்டோபர் 31 அன்று இறந்தார். மனைவி பெஸ் பத்தாண்டுகள் ஆவி அழைப்புக் கூட்டம் நடத்தினார். போலி ஆவியாளர்களை அடையாளம் காணக் கணவனும் மனைவியும் முன்பே ஒரு ரகசியச் சொல் பேசி வைத்திருந்தார்கள். பாட்டு பெஸ்ஸின் பார்வையில் நடக்கிறது. முத்தத்தில் சாவியை வாய்க்கு வாய் மாற்றுவது ஆல்பம் அட்டையாகவும் ஆனது. புஷ்ஷின் நாக்கில் சாவி, எதிரே சங்கிலியோடு முதுகு காட்டி நிற்பவர் பாஸ் கலைஞர் டெல் பால்மர். படம் எடுத்தவர் அண்ணன் ஜான் கார்டர் புஷ்.

இந்தப் பாட்டில் மென்மையான பகுதிகளுக்கும் கரகரத்துக் கதறும் பகுதிகளுக்கும் ஒரே தொண்டைதான். கதறும் பகுதிக்காகப் பாலும் சாக்லேட்டும் நிறையச் சாப்பிட்டுக் கபம் கட்டவைத்துப் பாடினார். பாடகர்கள் கச்சேரிக்கு முன் எதை ஒதுக்குவார்களோ அதையே தேடிப் போயிருக்கிறார். கருவியில் கரகரப்பைச் சேர்த்தால் அது முழுக் குரலின் மேலும் ஒரே சீராகப் படியும். தொண்டையிலிருந்து வந்தால் மூச்சு தீரும் இடத்தில் கூடும், எழுத்து தொடங்கும் இடத்தில் குறையும். காது அந்த வித்தியாசத்தை விட்டுவிடாது.

சூழ்ந்திருப்பவர்களும் முக்கியம். எபர்ஹார்ட் வெபரின் பாஸ் தரையை விட்டு மிதக்கிறது. தந்தி வாத்தியங்கள் மெல்ல உள்ளே வருகின்றன. இதே பாட்டில் நெரிசல் எங்கே இருக்கிறது? கேட்பவருக்கு மூச்சு விடத் தோன்றும் அளவுக்கு இடம் இருக்கிறது. அடுத்த பாட்டில் கதவுகள் அறைந்து சாத்தப்படுவதற்கு முன் இந்த அமைதி தேவைப்படுகிறது.

'ஆல் தி லவ்'வும் அப்படித்தான். முடிவில் தொலைபேசிப் பதிவு இயந்திரத்தில் நண்பர்கள் விட்டுப்போன விடைபெறும் குரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு சிறுவனின் தேவாலயக் குரல். அவ்வளவே. யாரும் அலறவில்லை.

---

#11 கரும்பலகை

'ஹூடினி' விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிடச் சிறந்தது என்று திருத்திக்கொள்கிறேன். 'நைட் ஆஃப் தி ஸ்வாலோ'வும் எனக்குப் பிடிக்கும். இருட்டில் விமானம் ஓட்டிக் கடத்தல் செய்யப் போகிறவனை ஒரு பெண் தடுக்கிறாள். அவள் பேசும்போது பியானோ. அவன் பறக்கும்போது அயர்லாந்து இசை முழுவீச்சில்: லியாம் ஓஃப்ளின் குழல், ஷான் கீன் ஃபிடில், டோனல் லனி புசூக்கி. டப்ளினில் போய்ப் பதிந்தார்கள், இசைக்கோப்பு பில் வீலன். ஊறுகாய் போல ஓரத்தில் வைக்காமல், கதையில் பறத்தலே அந்த இசை என்று வைத்திருக்கிறார்கள். அதனால் நிற்கிறது.

'டென்னர்' பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

---

#12 நாடாச்சுருள்

'டென்னர்' பற்றி நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பயிற்சி ஏடு என்பதை ஏற்க முடியாது. 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஏன் மூச்சு விடுகிறது? 'தி ட்ரீமிங்' பல ஸ்டூடியோக்களில் வாடகை மணிக்கணக்கில் செய்யப்பட்டது. டவுன்ஹவுஸ், அப்பி ரோடு, ஒடிஸி, அட்விஷன். ஒவ்வோர் இடத்திலும் இஞ்சினியர் மாறினார், அறையின் ஒலி மாறியது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1983-ல் குடும்பப் பண்ணை வீட்டில் சொந்த ஸ்டூடியோ அமைத்தார். நேரக்கணக்கு ஓடாததால் அடுத்த ஆல்பத்தில் ஒலிகளை நீக்கிப் பார்க்க அவகாசம் கிடைத்தது. வாடகை ஓடும்போது சேர்ப்பது எளிது, பதிந்ததைத் தூக்கி எறிய மனம் வராது. 'தி ட்ரீமிங்'கில் எதையும் எறியாத ஒருவரைக் கேட்கிறோம். அது குறை என்றால் குறை. ஆனால் ஒரே பாட்டுக்குள் இத்தனை மனிதர்கள் குடியிருக்கும் ஆல்பத்தை அவர் மறுபடி செய்யவில்லை.

1979 சுற்றுப்பயணத்துக்குப் பின் அவர் முழுக் கச்சேரி செய்தது 2014-ல் லண்டனில் மட்டும், 22 இரவுகள். அந்தப் பட்டியலில் இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. இவை ஒலிநாடாவில் மட்டுமே வாழும் பாடல்கள். அதனால்தான் கேட்கும் கருவியையும் அளவையும் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

---

#13 புதுச்செவி

வணக்கம். 2022-ல் தொலைக்காட்சித் தொடர் வழியாக புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' கேட்டவர்கள் இதற்குள் எப்படி நுழைவது? வரிசையாகவே கேட்க வேண்டுமா?

---

#14 நள்ளிரவு வானொலி

முதல் நாள் வரிசை வேண்டாம் தம்பி. 'நைட் ஆஃப் தி ஸ்வாலோ', 'ஆல் தி லவ்', 'ஹூடினி' மூன்றையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். தட்டிலும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன, மொத்தம் 14 நிமிடத்துக்குள் முடியும். மறுநாள் 'சஸ்பெண்டட் இன் காஃபா', அதன்பின் 'சாட் இன் யுவர் லாப்'. 'புல் அவுட் தி பின்' கேட்கும்போது ஒரு விவரம் தெரிந்திருக்கட்டும்: பாடுவது அமெரிக்கச் சிப்பாய் அல்ல, அவனைக் காட்டுக்குள் பின்தொடரும் வியட்நாம் வீரன். வாயில் வெள்ளி புத்தரைக் கவ்விக்கொண்டிருக்கிறான். அது தெரிந்தால் அந்த அலறல் யாருடையது என்று தெரியும்.

முழு ஆல்பம் மூன்றாம் நாள். மடிக்கணினி ஒலிபெருக்கியில் வேண்டவே வேண்டாம், டபுள் பாஸ் அதில் வராது.

---

#15 தவில்காது

'கெட் அவுட்' முடியும்போது ஒலியைக் குறைக்காதீர்கள். சொற்கட்டு மங்கிக்கொண்டே போகும், கடைசி எழுத்துவரை எண்ணிப் பாருங்கள். எத்தனை எண்ணிக்கையில் திரும்புகிறது என்று இங்கே எழுதுங்கள், என் கணக்கோடு ஒப்பிடலாம்.